‘எஸ்டேட்’ ஸ்பானிய மொழிக்குப் போகும்போது: தோட்டப்புறப் பிள்ளைகளின் விசா கோப்புக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைக்கு ஸ்பெயினில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, மாணவர் விசாவுக்குக் கோப்பு கட்ட வேண்டும், வீடு மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற நகரத்தில் இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அண்ணன் மகளுக்காக இந்த வேலையில் நான் இறங்கியபோது வங்கிக் கணக்கு, காப்புறுதி, விமான டிக்கெட் பற்றிச் சொல்ல ஆள் நிறைய இருந்தார்கள். நம் காகிதங்களில் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கும் ‘எஸ்டேட்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஸ்பானிய மொழியில் எப்படி எழுதுவது என்று கேட்டபோது மட்டும் எல்லாரும் கையை விரித்தார்கள்.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் முதலில் கொடுத்த வரைவில், ‘எஸ்டேட் ஹாஸ்பிட்டல்’ என்று இருந்த அண்ணன் பிறந்த இடம் ‘வாரிசுச் சொத்து மருத்துவமனை’ என்று இருந்தது. அதே கோப்பில் வேறொரு பக்கத்தில் அதே இடம் வீடமைப்புப் பகுதியாகியிருந்தது. படிக்கிற அதிகாரிக்கு இரண்டும் ஒரே இடம் என்று எப்படித் தெரியும்? அவர் விளக்கம் கேட்டு எழுதுவார், வாரக்கணக்கில் நாள் ஓடும்.

ஸ்பானியச் சொற்களை ஒலிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. கோப்பை விரித்துப் பென்சிலால் கோடு போடுங்கள்

மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பொதுவாகக் கோப்பில் சேரும் காகிதங்கள்: மாணவரின் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), செலவை ஏற்கும் தாய் தந்தையின் அடையாள ஆவணங்கள், எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ், பட்டம், மதிப்பெண் பட்டியல், பெற்றோரின் வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை, வங்கி அறிக்கை. படிப்பு 180 நாளைத் தாண்டினால் நன்னடத்தைச் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் சேரும். தாத்தா விட்டுப்போன நிலத்தையோ பணத்தையோ காட்டுகிறீர்கள் என்றால் நில அலுவலகத்து உத்தரவு அல்லது நீதிமன்றம் கொடுத்த நிர்வாகப் பத்திரமும் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் கோடு போடுங்கள். ‘எஸ்டேட்’, மலாயில் ‘லாடாங்’ (தோட்டம்), ‘எஸ்டெட்’, ‘தாமான்’ (வீடமைப்புப் பகுதி), ‘பூசாகா’ (இறந்தவர் விட்ட சொத்து) என்று வரும் ஒவ்வொரு இடத்துக்கும் கோடு வேண்டும். இன்றைய பிறப்புச் சான்றிதழ் மலாயில் இருக்கும். அதை முதலில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் ஆள் லாடாங் என்பதை ஒரு பக்கத்தில் பண்ணை என்பார், மறு பக்கத்தில் வயல் என்பார். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. மலாயிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதே எல்லாப் பக்கத்திலும் ஒரே சொல்லைப் போடச் சொல்லுங்கள், முடிந்தால் ‘ரப்பர் எஸ்டேட்’, ‘செம்பனை எஸ்டேட்’ என்று பயிரின் பெயரோடு. பின்னால் வரும் பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

2. கோடு போட்ட ஒவ்வொரு இடத்திலும் ‘எந்த எஸ்டேட்?’ என்று கேளுங்கள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல், ஸ்பானிய மொழியில் அரை டஜனுக்கு மேல். நம் கோப்புகளில் பெரும்பாலும் மூன்று பொருள் வரும்.

*தோட்டம்.* ரப்பர், செம்பனை, தேயிலை போட்ட தோட்டம். இதற்கு என் தேர்வு ‘பிளாந்தாசியோன்’, பயிரையும் சேர்த்து. ரப்பர் என்றால் ‘பிளாந்தாசியோன் தெ கௌச்சோ’. செம்பனை என்றால் ‘பிளாந்தாசியோன் தெ பால்மா அசெய்தேரா’. அகராதியைத் திறந்தால் ‘ஃபின்கா’ என்றும் ‘அசியெந்தா’ என்றும் வரும். இரண்டும் தப்பில்லை, ஆனால் இரண்டிலும் பொறி உண்டு. கொலம்பியா, குவாத்தமாலா பக்கம் ஃபின்கா என்றால் காப்பித் தோட்டம் கண்முன் வரும். ஸ்பெயினில் அது எந்த அசையாச் சொத்துக்கும் பொதுப்பெயர், அடுக்குமாடிக் கட்டடத்தைக்கூட ஃபின்கா என்பார்கள். அசியெந்தா என்பது லத்தீன் அமெரிக்காவில் பெரும் பண்ணை. ஸ்பெயினிலோ, பெரிய எழுத்தில் தொடங்கினால் அது வருமான வரி இலாகா. ‘அப்பா அசியெந்தாவில் வேலை பார்க்கிறார்’ என்று எழுதிக்கொடுத்தால், மாட்ரிட்டில் படிக்கிறவர் உங்கள் அப்பாவை வரி அதிகாரி ஆக்கிவிடுவார். மரம் சீவிய மனிதருக்கு அது ஒரு பதவி உயர்வுதான், ஆனால் சம்பளச் சீட்டு ஒத்துப்போகாதே.

‘எஸ்தாதோ’ என்ற சொல்லையும் தள்ளி வையுங்கள். பார்வைக்கு எஸ்டேட் மாதிரி இருக்கும். அதன் பொருள் அரசு, நிலை. விசா பாரத்தில் ‘எஸ்தாதோ சிவீல்’ என்று பார்த்தால் அது திருமணமானவரா இல்லையா என்ற கேள்வி.

*இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து.* தாத்தா காலமானபின் வந்த காகிதத்தில் ‘காலஞ்சென்ற இன்னாரின் எஸ்டேட்’ என்று இருக்கும். தோட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் தோட்டத்தில் வாழ்ந்து தோட்டத்தில் இறந்தவராக இருப்பதால்தான் குழப்பமே வருகிறது. இங்கே சொல் ‘எரென்சியா’. உயிரோடு இருப்பவரின் மொத்தச் சொத்து என்றால் ‘பத்ரிமோனியோ’.

நம் ஆட்கள் பலர் நீதிமன்றம் வரை போகாமல், நில அலுவலகத்தில் ‘பூசாகா கெச்சில்’ வழியாகத்தான் பங்கு பிரித்திருப்பார்கள். அந்த உத்தரவின் தலைப்பில் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் இருக்கும். ஆங்கிலத்தில் அது ‘சிறிய எஸ்டேட்டுகள் பங்கீட்டுச் சட்டம்’. இதை அப்படியே இயந்திரத்தில் போட்டால் ‘சின்னச் சின்ன ஃபின்காக்களைப் பிரித்துக் கொடுக்கும் சட்டம்’ என்று வருகிறது, ஏதோ தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றமாதிரி. குறைந்த மதிப்புள்ள எரென்சியா என்று வரவேண்டும். குடும்பக் கோப்பில் பழைய காகிதம் இருந்தால் ‘எஸ்டேட் டியூட்டி’ என்ற சொல்லும் கண்ணில் படலாம். மலேசியாவில் 1991இல் நீக்கப்பட்ட மரணச் சொத்து வரி அது. தோட்ட வரி இல்லை. ஸ்பானிய மொழியில் ‘இம்புஎஸ்தோ சொப்ரே சுசெசியோனெஸ்’ என்ற பெயரில் அவர்களிடமும் ஒன்று இருப்பதால் இது அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

*வீடமைப்புப் பகுதி.* தோட்டத்தை விட்டு வெளியேறி இப்போது தாமானில் இருப்போம். ‘ஹவுசிங் எஸ்டேட்’ என்று மொழிபெயர்த்து வந்திருந்தால் ஸ்பானியச் சொல் ‘உர்பனிசாசியோன்’. ஆனால் முகவரியில் இதை மொழிபெயர்க்கவே வேண்டாம். தாமான் தாமானாகவே இருக்கட்டும், தபால்காரர் ஸ்பானிய மொழி படித்தவர் இல்லை.

மற்றவை எப்போதாவதுதான் வரும். தொழிற்பேட்டை ‘பொலீகொனோ இந்துஸ்திரியால்’, வீடு நிலத் தரகர் ‘ஆஹென்தே இன்மொபிலியாரியோ’, அசையாச் சொத்து ‘பியெனெஸ் இன்முஎப்லெஸ்’.

3. பெயரோடு ஒட்டிய எஸ்டேட்டைத் தொடாதீர்கள்

தோட்டத்தின் பெயர், தமிழ்ப்பள்ளியின் பெயர், ஆற்றின் பெயர் எதையும் மொழிபெயர்க்கக் கூடாது. ‘எஸ்ஜேகே தமிழ் லாடாங்’ என்று தொடங்கும் பள்ளிப் பெயரை மூலத்தில் உள்ளபடியே விட்டு, முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ‘நோத்தா தெல் த்ரதுக்தோர்’ என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் குறிப்பு போடச் சொல்லுங்கள்: லாடாங் என்றால் தோட்டம், இது தோட்டத்துத் தமிழ்த் தொடக்கப்பள்ளி. ஒரு வரி போதும். தோட்டம் இன்று இல்லை, பள்ளி மட்டும் வேறு இடத்துக்கு மாறிவிட்டது என்ற கதையெல்லாம் அங்கே தேவையில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு தலைவலி நம் பெயரில் வரும் ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்). ஸ்பெயினில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர். பாரத்தில் முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். நம் கடப்பிதழிலோ பெயர் முழுதும் ஒரே வரி. ஏ/பி என்பதை ‘இன்னாரின் மகள்’ என்று ஒரு பக்கத்தில் மொழிபெயர்த்து, மறு பக்கத்தில் எழுத்தாகவே விட்டால், இரண்டு ஆட்கள் ஆகிவிடும். கடப்பிதழில் உள்ளது உள்ளபடி எல்லாப் பக்கத்திலும் இருக்கட்டும். அது என்ன என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் ஒருமுறை சொன்னால் போதும். இரண்டாம் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்று அப்பாவின் பெயரைப் பிய்த்துப் போடாதீர்கள்.

4. தோட்டத்து வேலைப் பெயர்களைத் தனியாகப் பாருங்கள்

வேலைக் கடிதத்திலும் பழைய பிறப்புச் சான்றிதழிலும் இவை வரும். எஸ்டேட்டைவிட இவைதான் சிரிக்க வைக்கும், பிறகு அழவும் வைக்கும்.

எஸ்டேட் மேனேஜர், அதாவது துரை. கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர் இவர்தான். ‘அத்மினிஸ்திரதோர் தெ ஃபின்காஸ்’ என்று வந்திருந்தால் உடனே அடியுங்கள். ஸ்பெயினில் அது அடுக்குமாடிக் கட்டடங்களைப் பராமரித்து, குடியிருப்பாளர்களிடம் மாதக் கட்டணம் வசூலிக்கும் தனித் தொழில். ‘திரெக்தோர் தெ லா பிளாந்தாசியோன்’ என்று போட்டால் தெளிவு.

கண்டக்டர். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) ஆள் எண்ணி, வேலைக்காட்டைச் சுற்றிப் பார்க்கும் நம் கண்டக்டரை அப்படியே எழுத்து மாற்றினால் ‘கொந்துக்தோர்’. ஸ்பானிய மொழியில் அது வண்டி ஓட்டுநர். ‘சுபெர்விசோர் தெ காம்போ’ என்று போடச் சொல்லுங்கள். மண்டோர், தண்டல் என்றால் ‘கபதாஸ்’ நன்றாகப் பொருந்துகிறது. ஆள்கட்டை மேய்க்கிறவர் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

டிரெசர். அண்ணனின் பிறப்புப் பத்திரத்தின் கீழே, தோட்டத்து ஆஸ்பத்திரி முத்திரைக்குப் பக்கத்தில், தகவல் தந்தவர் ‘டிரெசர்’ என்று நீல மையில் சாய்த்து எழுதியிருக்கும். வரைவில் அந்த இடத்தில் ‘கோமொதா’ என்று இருந்தது. கோமொதா என்றால் இழுப்பறை வைத்த மர அலமாரி. குழந்தை பிறந்த தகவலை அலமாரி வந்து பதிந்திருக்கிறது. அண்ணனிடம் காட்டினேன். “டிரெசர்னா டிரெசர்தானேம்மா, அதுக்கு எதுக்கு இன்னொரு பேரு?” என்றார். அவருக்கு வேண்டாம்தான். தூதரகத்துக்கு வேண்டுமே. ‘ஆக்சிலியார் சனித்தாரியோ’, அதாவது மருத்துவ உதவியாளர் என்று மாற்றினோம்.

டேப்பர், மரம் சீவுபவர். இதை மொழிபெயர்க்காமல் விட்டால் வினை. ஸ்பெயினில் ‘தாப்பெர்’ என்றால் சோறு கட்டிக்கொண்டுபோகும் பிளாஸ்டிக் டப்பா. ‘கௌச்செரோ’ என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது காட்டுக்குள் போய் ரப்பர் தேடியவர்களையும் குறிக்கும். ‘ரப்பர் தோட்டத் தொழிலாளி’ என்று விரித்து எழுதச் சொல்வதே நல்லது.

முகவரியில் ‘லேபர் லைன்ஸ்’ என்று இருந்தால் அது கோடும் இல்லை, வரிசையும் இல்லை. தொழிலாளர் குடியிருப்பு. ‘விவியெந்தாஸ் தெ லோஸ் த்ரபஹதோரெஸ்’.

5. படிப்புச் சான்றிதழில் உள்ள பொறிகள்

சுருக்கமாகச் சொல்கிறேன், இதற்குப் பல்கலைக்கழகங்களே ஓரளவு உதவுகின்றன. இளங்கலைப் பட்டம் ‘கிராதோ’. ‘பச்சியெராத்தோ’ என்று வந்தால் அது பள்ளியின் கடைசி இரண்டு வருடம், பட்டதாரி பள்ளி மாணவியாகிவிடுவாள். காலேஜ் என்பதை ‘கொலேஹியோ’ என்று போட்டால் அது சிறுவர் பள்ளி. எஸ்பிஎம் தாளில் வரும் கெபுஜியான் (ஆங்கிலத்தில் ‘கிரெடிட்’) ஒரு தேர்ச்சி நிலை. அதை ‘கிரெதித்தோ’ என்றால் அவர்களுக்குக் கடன் அல்லது பாடப் புள்ளி என்று படும். பட்டத்தில் வரும் கெபுஜியான் வேறு, அது ஆனர்ஸ். அதை ‘மாத்ரீகுலா தெ ஒனோர்’ என்று யாராவது அழகுபடுத்தினால் விடாதீர்கள். ஸ்பெயினில் அது ஒரு பாடத்தில் மிகச் சிலருக்கே கொடுக்கும் உச்ச மதிப்பு. இல்லாத பெருமையைச் சான்றிதழில் ஏற்றியதாக ஆகும்.

6. சொல்தாள் ஒன்று தயார் செய்யுங்கள்

ஒரே ஒரு ஏ4 தாள். இடப்பக்கம் ஆவணத்தின் பெயர், பக்க எண், அங்கே வரும் ஆங்கிலச் சொல். நடுவில் அந்த இடத்தில் அதன் பொருள், எளிய ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். வலப்பக்கம் நீங்கள் விரும்பும் ஸ்பானியச் சொல். மாதிரிக்கு ஒரு வரி: ‘அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், பிறந்த இடம், எஸ்டேட் ஹாஸ்பிட்டல், ரப்பர் தோட்ட நிர்வாகம் தன் தொழிலாளர்களுக்காக நடத்திய சிறு மருத்துவமனை, ஒஸ்பித்தால் தெ லா பிளாந்தாசியோன்’.

ஸ்பானியச் சொல்லை எங்கிருந்து எடுப்பது? ஸ்பானிய ராயல் அகாதெமியின் அகராதி இணையத்தில் இலவசம். எந்த நாட்டில் எந்தப் பொருள் என்று குறித்திருப்பார்கள். வேர்ட்ரெஃபரன்ஸ் அகராதியில் ஒரு சொல்லின் வெவ்வேறு பொருளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவார்கள். இரண்டிலும் பார்த்தபிறகு, கிடைத்த ஸ்பானியச் சொல்லைப் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். ‘பிளாந்தாசியோன் தெ கௌச்சோ’ என்று போட்டால் வெட்டுப்பட்ட மரமும் கோப்பையும் வரும், நமக்குத் தெரிந்த காட்சிதான். ‘கோமொதா’ என்று போட்டால் அலமாரி வரும். ஸ்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவரும் செய்யக்கூடிய சோதனை இது. நான் அகராதியைவிட இதைத்தான் அதிகம் நம்பினேன்.

கடைசிச் சொல் மொழிபெயர்ப்பாளருடையது. அவர் வேறு சொல் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் எல்லா ஆவணத்திலும் அதே சொல் வரவேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

7. முத்திரை முதலில், மொழிபெயர்ப்பு பிறகு

ஸ்பெயின் பல்கலைக்கழகத் தளங்களில் ‘அப்போஸ்தில்’ வேண்டும் என்று எழுதியிருக்கும். அது 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கான ஒற்றை முத்திரை. நாங்கள் செய்தபோது மலேசியா அதில் இல்லை, எனவே நீண்ட வழிதான்: முதலில் புத்ராஜெயாவில் உள்ள விஸ்மா புத்ராவின் (மலேசிய வெளியுறவு அமைச்சு) உறுதி முத்திரை, அதன்மேல் கோலாலம்பூர் ஸ்பெயின் தூதரகத்தின் முத்திரை. நீங்கள் தொடங்கும் நாளில் நிலைமை என்ன என்று ஹேக் மாநாட்டின் தளத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இந்த முத்திரைகள் எல்லாம் விழுந்தபிறகுதான் ஸ்பானிய மொழிபெயர்ப்பு. காரணம், முத்திரையில் உள்ள எழுத்தும் ஆவணத்தின் பகுதி, அதையும் மொழிபெயர்க்க வேண்டும். முன்கூட்டியே மொழிபெயர்த்தவர்கள் பின்னால் விழுந்த முத்திரைக்காக மறுபடி காசு கொடுக்கிறார்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து போகிறவர்கள் ஈப்போவில் ஈடிஎஸ் ரயில் பிடித்து கேஎல் சென்ட்ரல் இறங்கி, அங்கிருந்து கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலில் புத்ராஜெயா போகலாம். வெள்ளிக்கிழமை வேண்டாம். தொழுகை இடைவேளை நீளம், வெளியூர்க்காரருக்கு நாள் போய்விடும். சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு சிக்கல்: கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி, புத்ராஜெயாவில் சனி, ஞாயிறு. இரண்டு ஊர் அலுவலகமும் திறந்திருக்கும் நாள் திங்கள் முதல் வியாழன் வரைதான்.

8. யாரிடம் கொடுப்பது, எவ்வளவு ஆகும்

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊர் நிலையம் ‘சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு’ என்று முத்திரை குத்திக் கொடுக்கும். சத்தியப் பிரமாண ஆணையரின் கையெழுத்தும் வாங்கித் தரும். ஸ்பெயின் கேட்பது அது இல்லை. அவர்கள் கேட்பது ‘த்ரதுக்தோர் ஹுராதோ’, ஸ்பெயின் வெளியுறவு அமைச்சு நியமித்த உறுதிமொழி மொழிபெயர்ப்பாளர். யார் யாருக்கு எந்த மொழிக்கு நியமனம் என்ற பட்டியலை அமைச்சின் தளத்திலேயே பார்க்கலாம். ஆங்கிலத்துக்கு ஆள் நிறைய. மலாய் ஆவணத்தை ஆங்கிலத்துக்கான நியமனம் உள்ளவர் நேரே மொழிபெயர்க்க முடியாது. அதனால்தான் முதலில் ஆங்கிலம், பிறகு ஸ்பானியம் என்று இரண்டு கட்டம். கட்டணமும் இரண்டு முறை.

விலை கேட்கும்போது மூன்றைக் கேளுங்கள். சொல் கணக்கா, பக்கக் கணக்கா? குறைந்தபட்சக் கட்டணம் உண்டா? காகிதப் பிரதியைத் தபாலில் அனுப்ப எவ்வளவு? எங்களுக்கு வந்த பதில்களில் ஒரு பக்கச் சான்றிதழுக்கு 30 யூரோவை ஒட்டித்தான் பெரும்பாலும் இருந்தது. மதிப்பெண் பட்டியல்தான் கையைக் கடிக்கும், பாடப் பெயர்களால் சொல் எண்ணிக்கை ஏறிவிடும். வங்கி அறிக்கை முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டுமா, ஆங்கிலத்திலேயே ஏற்பார்களா என்று தூதரகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு பரிவர்த்தனை வரிக்கும் காசு கொடுப்பது வீண்.

மின்கையெழுத்து இட்ட பிடிஎஃப் போதுமா, மை முத்திரை வேண்டுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மை முத்திரை என்றால் ஸ்பெயினிலிருந்து தபால் வரும் செலவும் சேரும்.

நன்னடத்தைச் சான்றிதழ் விஸ்மா புத்ரா கொடுப்பது, கட்டணம் 20 வெள்ளி (ரிங்கிட்). செலவுக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணம், ஸ்பெயின் அரசு வைக்கும் ‘இப்ரெம்’ என்ற வருமான அளவை ஒட்டியது: 2023இல் மாதம் 600 யூரோ என்று வைத்தார்கள், 2025 வரை மாறவில்லை. பத்து மாதப் படிப்பு என்றால் 6,000 யூரோ.

9. வரைவு வந்ததும் நீங்களே சரிபாருங்கள்

முத்திரை குத்துவதற்கு முன்னால் வரைவு அனுப்புவீர்களா என்று ஒப்புக்கொள்ளும்போதே கேட்டுவிடுங்கள். மறுப்பவரிடம் கொடுக்க வேண்டாம். வரைவைப் பார்க்க மொழி தெரிய வேண்டியதில்லை. முதலில் பெயர்கள், எழுத்தெழுத்தாக, கடப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பிறகு ஐசி (அடையாள அட்டை) எண், தேதி. அடுத்து சொல்தாளில் உள்ள ஒவ்வொரு ஸ்பானியச் சொல்லையும் தேடல் பெட்டியில் போட்டு, எத்தனை இடத்தில் வரவேண்டுமோ அத்தனை இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். ‘எரென்சியா’ என்ற சொல் பிறப்புச் சான்றிதழில் இருக்கவே கூடாது. ‘பிளாந்தாசியோன்’ நில அலுவலக உத்தரவில் வந்தால், தாத்தாவின் நிலத்தில் உண்மையிலேயே தோட்டம் இருந்தால் ஒழிய, சந்தேகப்படுங்கள்.

தொகைகளில் கவனம் வேண்டும். நாம் 34,500.00 என்று எழுதுவதை ஸ்பெயினில் 34.500,00 என்று எழுதுவார்கள். புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும். மாற்றாமல் 34,500 என்று விட்டால் முப்பத்து நான்கரை வெள்ளி என்று படிக்கலாம். அண்ணன் வருடக்கணக்கில் சேமநிதியில் சேர்த்ததைக் காற்புள்ளி தின்றுவிடக் கூடாது. ரிங்கிட் என்பதைக் குறியாக மட்டும் விடாமல், முதல் இடத்தில் ‘மலேசிய ரிங்கிட்’ என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

10. எதை எப்போது தொடங்குவது

பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ், நில அலுவலக உத்தரவு ஆகியவை ஆறப்போட்டாலும் கெடாதவை. இடம் உறுதியான கடிதத்துக்குக் காத்திராமல், விண்ணப்பம் போட்ட கையோடு இவற்றின் முத்திரை வேலையைத் தொடங்கலாம். சொல்தாளும் அப்போதே தயாராகட்டும். நன்னடத்தைச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், வங்கி அறிக்கை மூன்றும் பழசானால் செல்லாது. தூதரகம் சொல்லும் காலவரம்பைப் பார்த்துக் கடைசியில் எடுங்கள். மருத்துவச் சான்றிதழில் 2005ஆம் ஆண்டு அனைத்துலகச் சுகாதார விதிமுறைகளைக் குறிப்பிடும் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். அந்த வாக்கியத்தை அச்சிட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோனால் டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ‘உடல்நலமாக இருக்கிறார்’ என்று மட்டும் எழுதி வாங்கினால் திரும்ப அலைய வேண்டும்.

வகுப்பு செப்டம்பரில் என்றால் மொழிபெயர்ப்பு ஜூலைக்குள் கையில் இருக்க வேண்டும். ஆகஸ்ட் மாதம் ஸ்பெயினில் பாதி அலுவலகம் விடுமுறையில் இருக்கும், மொழிபெயர்ப்பாளர்களும் கடையைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். கோடையில் நம் நேரம் அவர்களைவிட ஆறு மணி முந்தியது. நாம் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அனுப்பும் மின்னஞ்சல் அவர்கள் காலையில் கணினியைத் திறக்கும்போது மேலே இருக்கும், அன்றே பதிலும் வரும்.